பழைய காரில் ஏபிஎஸ் யூனிட் ஒழுகுகிறதா? சொட்டு பிறக்கும் இடத்தைப் பிடியுங்கள்

"ஏபிஎஸ் போயிடுச்சு சார்." பழைய கார் வைத்திருப்பவருக்கு இதைக் கேட்டால் வயிறு கலங்கும். என் காரைப் பார்த்து இரண்டு தடவை இப்படிச் சொன்னார்கள். முதல் தடவை சொன்னது தப்பு. இரண்டாவது தடவை சொன்னது சரி, ஆனால் நான் நம்பவில்லை.

வண்டி 2009 மாடல். திடீரென்று மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் பிரேக் அமைப்புதான் ஏபிஎஸ். அந்தக் காலத்தில் அது விலை கூடிய வேரியன்ட்டில் மட்டும் வரும் சமாச்சாரம். எல்லாக் கார்களிலும் கட்டாயம் என்று ஆனது 2019 ஏப்ரலில்தான். வடசென்னை தண்டையார்பேட்டையில் தெருவோரம்தான் நிறுத்துகிறேன். காசிமேடு பக்கத்திலிருந்து உப்புக்காற்று ராத்திரி முழுக்க வீசும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி கிளப்பும் தூசி பானெட்டுக்குள் படியும், அதன் மேல் உப்பு உட்காரும். பிரேக் டியூபும் நட்டும் இரும்பு, யூனிட்டின் கட்டை அலுமினியம். இரண்டு உலோகமும் சேரும் இடத்தில் உப்பும் ஈரமும் இருந்தால் அரிப்பு தானாக நடக்கும். இது வெளியிலிருந்து வரும் கேடு.

உள்ளே இன்னொரு கேடு இருக்கிறது. பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது எண்ணெயே அல்ல, கிளைக்கால் வகைத் திரவம். காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். கொதிநிலை இறங்குவதோடு நிற்பதில்லை. அந்தத் தண்ணீர் யூனிட்டுக்குள் இருக்கும் வால்வையும் பம்ப் பிஸ்டனையும் அரிக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றச் சொல்வது இதற்காகத்தான். நான் எத்தனை வருடம் மாற்றாமல் ஓட்டினேன் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

யூனிட்டை அடையாளம் காண்பது சுலபம். பானெட்டுக்குள் ஓர் ஓரமாக, கையளவு அலுமினியக் கட்டை. மேலே ஆறு டியூப். அதில் இரண்டு டியூப், பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும், மற்ற நான்கும் சக்கரங்களுக்குப் போகும். ஒரு பக்கம் உருளையாக மோட்டார், எதிர்ப்பக்கம் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி. அந்தப் பெட்டிதான் மூளை. பெரிய கனெக்டர் அதில்தான் சொருகியிருக்கும்.

எதையும் தொடுவதற்கு முன்

பிரேக் ஆயில் ஒழுகுகிறது என்று தெரிந்த பிறகு வண்டியை ஓட்டாதீர்கள். "ஆயிலை ஊத்திட்டு மெதுவா போயிடலாம்" என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். டயரில் நாம் அடைக்கும் காற்று இரண்டு பார் சொச்சம். பிரேக்கை அழுத்தி மிதித்தால் டியூபுக்குள் 100 பாருக்கு மேல் ஏறும். நின்றிருக்கும் வண்டியில் ராத்திரிக்கு ஒரு சொட்டு விடும் ஓட்டை, வியாசர்பாடி சுரங்கப்பாலத்து இறக்கத்தில் திடீரென்று மிதிக்கும்போது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் டோ பண்ணுங்கள்.

ஆயில் கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கண்ணில் படவே கூடாது. பெயின்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். கொஞ்ச நேரம் விட்டால் பெயின்ட் கொப்பளித்து உரிந்துவிடும்.

தரையில் ஈரம் தெரிகிறது. அது பிரேக் ஆயில்தானா?

நம் ஊர் வெயிலில் ஏசி ஓடாத நாள் கிடையாது, ஏசித் தண்ணீர் சொட்டாத காரும் கிடையாது. பழைய தினத்தந்தியை விரித்து வண்டிக்கு அடியில் ராத்திரி வையுங்கள். தண்ணீர் விழுந்த இடம் காய்ந்து சுருங்கியிருக்கும். பிரேக் ஆயில் விழுந்த இடம் காலையிலும் ஈரமாக, கண்ணாடி மாதிரி தெரியும். விரலில் தொட்டால் வழுக்கும், ஆனால் எஞ்சின் ஆயில் மாதிரி கறுப்புப் பிசுக்கு இருக்காது.

சந்தேகம் தீரவில்லையா? ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். பிரேக் ஆயில் கரைந்துவிடும். எஞ்சின் ஆயிலும் பவர் ஸ்டியரிங் ஆயிலும் மிதக்கும்.

இதே சோதனையை மாஸ்டர் சிலிண்டர் மேலே இருக்கும் பிரேக் ஆயில் டேங்க்கில் உள்ள ஆயிலுக்கும் செய்து பாருங்கள். யாரோ ஒருவர் எப்போதோ அவசரத்துக்கு வேறு ஆயிலை ஊற்றியிருந்தால் அதுவும் மிதக்கும். டேங்க் மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிப்போய் மூடியே உட்காராது. அப்படி இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிடலாம். மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ், வீல் சிலிண்டர், ஏபிஎஸ் யூனிட் என்று ரப்பர் இருக்கும் எல்லாமே கெட்டிருக்கும். ஒன்றை மட்டும் மாற்றி ஒரு பயனும் இல்லை.

டேங்க்கில் ஆயில் குறைகிறது, வெளியே எங்கும் ஈரம் இல்லை

எனக்கு முதல் தடவை நடந்தது இதுதான். மாதத்துக்கு விரல் தடிமன் இறங்கியது. ஒரு பட்டறையில் பானெட்டைத் தூக்கியவர் பத்து எண்ணுவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "யூனிட் உள்ளே குடிக்குது."

யூனிட் ஆயிலைக் குடிக்காது. உள்ளே வால்வில் நழுவினாலும் அந்த ஆயில் அதே சர்க்யூட்டுக்குள்தான் சுற்றும், டேங்க் மட்டம் தொடர்ந்து இறங்காது. மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கிறது என்றால் ஆயில் எங்கோ வெளியேறுகிறது, நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

பிரேக் பேடு தேயத் தேய மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது இயல்பு, அதை முதலில் தள்ளிவிடுங்கள். பேடு நன்றாக இருந்தும் இறங்கினால் பின் சக்கரத்து டிரம்மைக் கழற்றுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை மெல்ல விலக்கினால் உள்ளே ஆயில் நிற்கிறதா என்று தெரியும். அடுத்து டிரைவர் காலடி. பிரேக் பெடல் மேலே சேரும் இடத்தில் கையை விட்டுத் தடவுங்கள், கார்ப்பெட்டையும் தூக்கிப் பாருங்கள்.

அப்புறம் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கம். நம் மிதிக்குப் பலம் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டரோடு அது சேரும் இடத்தில் சீல் போனால் ஆயில் வெளியே வராது, பூஸ்டர் டப்பாவுக்குள் இறங்கிச் சேரும். தரை காய்ந்தே இருக்கும், டேங்க் மட்டும் காலியாகும். இரண்டு நட்டைக் கழற்றி மாஸ்டர் சிலிண்டரைக் கொஞ்சம் முன்னால் இழுத்து எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று, நிறைய பேர் மறப்பது. ஆயிலில் வேலை செய்யும் கிளட்ச் உள்ள பல கார்களில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டேங்க்தான். டேங்க் பக்கவாட்டிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் தனியாக ஒன்று கிளம்பினால் அது கிளட்ச்சுக்குப் போகிறது. என் வண்டியில் குற்றவாளி அதுதான். கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் கிளட்ச் சிலிண்டரின் ரப்பர் உறை முழுக்க ஆயில். மாற்றிய அன்றோடு டேங்க் மட்டம் நின்றது. பல ஆயிரம் ரூபாய் யூனிட்டுக்குப் போட்ட தீர்ப்பு, நூறுகளில் முடிந்தது.

யூனிட் மேலேயே ஈரம்

இங்கேதான் பொறுமை வேண்டும். ஈரமாக இருக்கும் இடம் வேறு, ஈரம் பிறக்கும் இடம் வேறு. சொட்டு மேலே பிறந்து, கட்டையின் ஓரமாக இறங்கி, மோட்டாரின் அடியில் தொங்கும். அதைப் பார்த்துவிட்டு மோட்டார் சீல் போச்சு என்பார்கள்.

முதலில் கழுவுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரி நெகட்டிவ் கழன்றிருக்க வேண்டும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் பிரேக் கிளீனரைத் தெளித்துத் தேயுங்கள், கனெக்டர் பக்கம் போகாமல். கிளீனர் இல்லையென்றால் ஈரத்துணி போதும், பிரேக் ஆயில்தான் தண்ணீரில் கரையுமே. பனியன் வேஸ்ட்டால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்ததும் முகத்துக்குப் போடும் பவுடரை யூனிட்டின் எல்லாப் பக்கமும் தூவுங்கள். பேட்டரியை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடிக்கட்டும். நீங்கள் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஈரம் ஊறி முதலில் கறுக்கும் இடம்தான் சொட்டு பிறக்கும் இடம். ஐந்து நிமிடத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் அப்படியே விட்டு மறுநாள் காலையில் பாருங்கள். சில கசிவு அழுத்தத்தில் வராது, சும்மா நிற்கும்போதுதான் ஊறும்.

டியூப் நட்டைச் சுற்றிக் கறுத்தால் நிம்மதி. யூனிட் தப்பித்தது. நட்டு தளர்ந்திருக்கலாம், டியூபின் விரிந்த வாய் அரித்திருக்கலாம், நட்டுக்கு உள்ளே மறைந்திருக்கும் டியூப் துருப்பிடித்து ஊசி ஓட்டை விழுந்திருக்கலாம். சாதாரண ஓப்பன் ஸ்பேனர் போடாதீர்கள், துருப்பிடித்த நட்டின் மூலை உருண்டுவிடும். டியூப் நுழைய வாயில் பிளவு விட்ட ரிங் ஸ்பேனர் இருக்கிறது, ஃபிளேர் நட் ஸ்பேனர் என்று கேட்டால் பாரிமுனைப் பக்கம் டூல்ஸ் கடைகளில் கிடைக்கும். கால் திருப்புக்கும் குறைவாக இறுக்கிப் பாருங்கள். நிற்கவில்லையென்றால் மேலே மேலே இறுக்க வேண்டாம். அலுமினியக் கட்டையில் மரை போனால் அந்த நட்டுக்காக முழு யூனிட்டையும் மாற்ற வேண்டிவரும். டியூபை மாற்றுங்கள்.

அந்த டியூப் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் செம்புக் குழாயை வளைத்துப் போட்டுத் தருபவர்கள் உண்டு, வளைக்க சுலபம் என்பதால். அது அதிர்விலேயே களைத்து வெடிக்கும். ஃபிரிட்ஜ் குழாயின் வாய் ஒற்றை மடிப்பு, பிரேக் டியூபின் வாய் இரட்டை மடிப்பு அல்லது குமிழ் வடிவம். ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. பழைய டியூபைக் கையோடு எடுத்துப் போய், வாயைக் காட்டி, அதே மாதிரி செய்யச் சொல்லுங்கள்.

டெஃப்லான் டேப்பும் எம்-சீலும் இங்கே வேண்டாம். தண்ணீர்க் குழாய்க்கு அவை தெய்வம். ஆனால் பிரேக் டியூபில் ஆயிலைத் தடுப்பது மரையல்ல, டியூபின் வாயும் அது உட்காரும் குழியும்தான். மரையில் டேப் சுற்றுவதால் ஒன்றும் நிற்காது, பிய்ந்த நூல் வால்வுக்குள் போய்ச் சிக்குவதுதான் மிச்சம்.

மோட்டாரும் கட்டையும் சேரும் கோட்டில் பவுடர் கறுத்தால், உள்ளே பம்ப் பிஸ்டனின் சீல் போய்விட்டது. அந்தக் கோட்டில் சீலன்ட் பூசி அடைப்பவர்கள் உண்டு. அடைத்தால் ஆயில் மோட்டாருக்குள்ளேயே தேங்கி அதற்குக் கரன்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷை நனைக்கும். ஒழுகலை மறைத்துவிட்டு மோட்டாரைக் கொன்ற கதையாகிவிடும்.

கட்டையும் கறுப்புப் பெட்டியும் சேரும் கோட்டில் கறுத்தால் அதைவிட மோசம். கரன்ட்டில் திறந்து மூடும் சோலனாய்டு வால்வுகளின் பக்கத்திலிருந்து ஆயில் மூளைக்குள் இறங்குகிறது. கனெக்டரைப் பிடுங்கி பின்களைப் பாருங்கள். ஈரமோ பச்சைக் களிம்போ இருந்தால் சந்தேகமே இல்லை. ஆயில் ஒயருக்குள்ளேயே விளக்குத் திரியில் ஏறுவது போல ஏறும், அதனால் கனெக்டரிலிருந்து சில அங்குலம் தள்ளி ஒயர் உறையைப் பிரித்தும் பாருங்கள்.

என் இரண்டாவது அனுபவம் இந்த வகை. ஒரு வயதான மெக்கானிக், எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம், பவுடர் எதுவும் போடாமலே சொன்னார், "யூனிட்தான் சார்." முதல் தடவை ஏமாறப் பார்த்த எனக்குக் கோபம் வந்தது. "போன தடவையும் இப்படித்தான் பாய் சொன்னாங்க, கடைசியில கிளட்ச்சு!" அவர் ஒன்றும் பேசவில்லை. கனெக்டரைப் பிடுங்கி என் கையில் வைத்தார். உள்ளங்கையில் ஆயில் சொட்டியது. "இதுவும் கிளட்ச்சா பாருங்க," என்றார்.

பெடல் மெல்ல உள்ளே போகிறது

சிக்னலில் பிரேக்கைப் பிடித்தபடி நிற்கிறீர்கள். பெடல் காலுக்கு அடியில் மெதுவாக இறங்குகிறது. வெளியே ஒழுகலே இல்லை.

முதலில் ஒரு பொய் அறிகுறியைத் தள்ளுங்கள். எஞ்சினை நிறுத்தி, பெடல் கல் மாதிரி ஆகும்வரை பம்ப் அடித்து, மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். அது பூஸ்டர் வேலை செய்வதற்கு அடையாளம், கோளாறு அல்ல. நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால்தான் கோளாறு.

இதில் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் மாஸ்டர் சிலிண்டர். உள்ளே இருக்கும் ரப்பர் கப் தேய்ந்தால் ஆயில் பின்பக்கமாக நழுவும். வேகமாக மிதித்தால் நிற்கும், மெதுவாக அழுத்தினால் இறங்கும். அப்படி இருந்தால் பெரும்பாலும் அதுதான்.

பெரும்பாலும் என்பது போதாது, யூனிட்டுக்குள்ளும் இப்படி நடக்கலாம். ஏபிஎஸ் வேலை செய்யும்போது சக்கரத்தின் அழுத்தத்தை வெளியேற்ற ஒரு வால்வு திறக்கும், மற்ற நேரம் மூடியே இருக்கும். அதன் வாயில் துருத்தூள் சிக்கி முழுதாக மூடாமல் போனால், நீங்கள் மிதிக்கும் ஆயில் யூனிட்டுக்குள் இருக்கும் சின்னத் தேக்கத்துக்கு நழுவும். பெடல் தாழும்.

இரண்டையும் பிரிக்க ஒரே வழி அடைத்துப் பார்ப்பதுதான். மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு டியூபையும் கழற்றிவிட்டு, அதே மரையுள்ள அடைப்பானைப் போடுங்கள். பழைய டியூபின் நுனியை நட்டோடு வெட்டி, வெட்டிய முனையை நசுக்கிப் பற்றவைத்தால் அடைப்பான் தயார். வெல்டிங் பட்டறையில் அரை மணி நேர வேலை. இப்போது பெடலை அழுத்துங்கள். இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் கெட்டது, யூனிட்டைப் பற்றி இனிப் பேச வேண்டாம். கல் மாதிரி நின்றால் மாஸ்டர் நல்லது. அந்த டியூபை மாட்டிவிட்டு, யூனிட்டிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் நான்கு வாயையும் அடையுங்கள். டியூபுக்குள் புகுந்த காற்றை எடுத்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். வெளியே ஒரு சொட்டு இல்லாமல் பெடல் இறங்கினால் குற்றம் யூனிட்டின் உள்ளே. இப்போதும் கல் மாதிரி நின்றால் யூனிட் நிரபராதி, சக்கரப் பக்கம் போங்கள். ஊதிப்போன ஹோஸ், பிடி தளர்ந்த டிரம் ஷூ என்று ஏதாவது சிக்கும்.

முழுதாக ஒரு நாள் போகும் வேலை இது. இதைச் செய்யாமல் யூனிட்டை மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஏபிஎஸ் விளக்கு எரிகிறது

விளக்கு எரிவதற்கும் ஒழுகுவதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் பல நேரம் சக்கர சென்சார்தான். மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில் வடசென்னையில் தண்ணீரில் நின்ற வண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சென்சார் கனெக்டரில் சேறு புகுந்தாலே விளக்கு எரியும். வண்டியின் மூளை பதிந்துவைத்த கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டால் எந்தச் சக்கரம் என்றே சொல்லிவிடும்.

ஸ்கேனர் பம்ப் மோட்டார் என்றோ சோலனாய்டு வால்வு என்றோ காட்டினால், அதோடு யூனிட்டில் ஈரமும் இருந்தால், ஆயில் மூளைக்குள் போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஈரம் இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, எர்த் ஒயர் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் யூனிட்டுக்கு வர வேண்டும். உப்புக்காற்றில் எர்த் ஒயரின் நுனி பூத்துப்போவது இங்கே சர்வசாதாரணம்.

சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் முதலில் டேங்க் மட்டத்தையும் ஹேண்ட்பிரேக்கையும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் இரு விளக்கும் எரிகிறது என்றால், முன் பின் சக்கரங்களுக்கு அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் இபிடியும் நின்றுவிட்டது என்று அர்த்தம். பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும் ஆபத்து உண்டு. வண்டி நகரக் கூடாது.

சாவி எடுத்த பிறகும் மோட்டார் உறுமுகிறது, தீய்ந்த வாசனை வருகிறது

இதற்கு யோசனை வேண்டாம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், வண்டியை வீட்டோடு ஒட்டி நிறுத்தாதீர்கள். மோட்டாருக்கான ஃபியூஸில் சாவி இல்லாதபோதும் கரன்ட் இருக்கும். உள்ளே போன ஆயில் ஷார்ட் ஆக்கினால், ஓட்டாமல் நிற்கும் வண்டியும் தீப்பிடிக்கலாம். 2023 செப்டம்பரில் ஹூண்டாயும் கியாவும் அமெரிக்காவில் சுமார் 34 லட்சம் பழைய கார்களைத் திரும்ப அழைத்தது இந்த ஆபத்துக்காகத்தான். சரிசெய்யும்வரை கட்டிடங்களிலிருந்து தள்ளி, வெளியே நிறுத்துங்கள் என்று உரிமையாளர்களுக்குச் சொன்னார்கள். நம் தெருக்களில் வண்டிக்கும் வாசலுக்கும் இடையே ஒரு முழம்கூட இருக்காது என்பதால் பேட்டரியைக் கழற்றுவதுதான் நமக்கு வழி.

யூனிட்தான் என்று உறுதியானால்

மூளைப் பெட்டி மட்டும் கெட்டு, கட்டை காய்ந்திருந்தால் எலக்ட்ரானிக் வேலை தெரிந்தவர்கள் பெட்டியைத் திறந்து சரிசெய்கிறார்கள், பல நேரம் பலிக்கிறது. ஆனால் ஒழுகும் கட்டைக்கு சீல் கிட் என்று எதுவும் வாங்கிப் போட முடியாது. மாற்றுவதுதான்.

புது யூனிட்டின் விலை 15 வயதுக் காரின் மதிப்போடு போட்டி போடும். அதனால் எல்லோரும் போகும் இடம், பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை. நானும் போனேன். பார்க்க ஒரே மாதிரி இருப்பது போதாது. பெட்டியில் ஒட்டியிருக்கும் பாகத்தின் எண் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஒரே மாடலில் பெட்ரோலுக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று இருக்கும். டியூப் வாய்கள் திறந்தபடி கிடக்கும் யூனிட்டை இனாமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள், மழையும் தூசியும் உள்ளே போயிருக்கும். வாய்களில் அடைப்பு போட்டு, உள்ளே இன்னும் ஆயில் நிற்கும் யூனிட்டாகத் தேடுங்கள். கனெக்டர் பின்கள் பளிச்சென்று இருக்க வேண்டும். மாட்டிய பிறகு சில வண்டிகளில் ஸ்கேனரால் கோடிங் செய்தால்தான் விளக்கு அணையும். அந்த வசதி யாரிடம் இருக்கிறது என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள்.

"யூனிட்டையே தூக்கிட்டு நேரா டியூப் போட்டுடலாம் சார், அந்தக் காலத்து வண்டியெல்லாம் ஓடலையா?" என்று ஒரு யோசனையும் வரும். அந்தக் காலத்து வண்டியில் பின் சக்கர அழுத்தத்தைக் குறைக்கத் தனி வால்வு இருந்தது. ஏபிஎஸ் வண்டிகள் பலவற்றில் அந்த வேலையையும் யூனிட்டே செய்கிறது. அதைத் தூக்கினால் மழையில் பின் சக்கரம்தான் முதலில் வழுக்கும். 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்க எஃப்சிக்குப் போகும்போது கேட்டால் என்ன பதில் சொல்வது, இன்சூரன்ஸுக்கு என்ன சொல்வது என்பது வேறு தலைவலி. நான் ஒத்துக்கொள்ளவில்லை.

மாற்றியாச்சு, பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது

ஆயிலுக்குள் காற்று புகுந்திருக்கிறது. யூனிட் மாற்றிய பிறகு ஒரே தடவையில் பெடல் கெட்டியானால் அதிர்ஷ்டம்.

சீல் உடைக்காத புது பாட்டில் ஆயில் மட்டும் வாங்குங்கள், டேங்க் மூடியில் எழுதியிருக்கும் டாட் எண்ணைப் பார்த்து. டாட் 5 என்று மொட்டையாக எழுதியிருப்பது சிலிக்கோன், ஏபிஎஸ் வண்டிக்கு ஆகாது. டாட் 5.1 வேறு, அது கிளைக்கால்தான்.

காற்றை எடுப்பதை, வலது ஸ்டியரிங் வண்டியில் வழக்கமாக இடது பின் சக்கரத்தில் தொடங்குவார்கள், மாஸ்டரிலிருந்து தூரமானது அது. உங்கள் வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதைக் கேளுங்கள். உள்ளே அக்கா மகனை உட்காரவைத்து "மிதி... பிடி... விடாதே" என்று மணிக்கணக்கில் கத்தினேன். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிடுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடலை அடிவரை மிதித்தால், கப் இதுவரை போகாத சொரசொரப்பான பகுதிக்குப் போய்க் கிழியும். காற்றை எடுக்கப் போய் மாஸ்டரையும் சேர்த்து மாற்றியவர்கள் உண்டு. டேங்க் ஒரு முறைகூடக் காலியாகக் கூடாது. காலியானால் முதலிலிருந்து.

நான்கு சக்கரமும் சுத்தமாக வந்தும் பெடல் மென்மையாகவே இருந்தால் காற்று யூனிட்டின் உள்ளறையில் மாட்டியிருக்கிறது. சாதாரண மிதியில் அந்த அறை திறக்காது. ஸ்கேனரால் பம்பையும் வால்வையும் ஓடவிட்டு, மறுபடி நான்கு சக்கரத்திலும் எடுக்க வேண்டும். எனக்கு அதன் பிறகுதான் பெடல் மேலே வந்தது.

கடைசியாக எல்லா நட்டையும் துடைத்து, மறுபடி பவுடர் தூவி, எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பவுடர் வெள்ளையாகவே இருந்தால் தெருவுக்குள் நடை வேகத்தில் நாலைந்து தடவை பிரேக் பிடித்துப் பாருங்கள். ஒரு வாரம் வண்டிக்கு அடியில் பேப்பர் போடுங்கள். டேங்க்கில் ஆயில் நிற்கும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடும் போட்டுவையுங்கள். என் டேங்க்கில் போட்ட கோடு அழியவில்லை, ஆயிலும் அதைவிட்டு இறங்கவில்லை. பேப்பரில் மட்டும் தினம் ஒரு வட்டம் விழுகிறது, அது ஏசித் தண்ணீர்.